ஐந்தாம் தந்திக்கு எந்தக் கம்பி?

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, என் ஐந்து தந்தி வயலினில் கம்பிகள் செத்துவிட்டன என்பதை ஒருவழியாக ஒப்புக்கொண்டேன். காது இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. செலவுக்குப் பயந்து நான்தான் கேட்காததுபோல் இருந்தேன்.

கம்பி செத்ததா, காது சலித்ததா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. அடுத்தடுத்த இரண்டு தந்திகளை நன்றாகச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே விரலை இரண்டின் மேலும் ஒரே இடத்தில் குறுக்காக அழுத்தி வில்லைப் போடுங்கள். வெறும் தந்தியில் கேட்ட அதே இணக்கம் அங்கேயும் கேட்க வேண்டும். ஒன்று ஏறியோ இறங்கியோ நின்றால் அந்தக் கம்பியின் கனம் நீளம் முழுக்க ஒரே சீராக இல்லை என்று பொருள். விரல் அதிகம் படும் இடத்தில் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் ஏறி, நடுக்கம்பியைச் சுற்றியுள்ள மெல்லிய உலோக மேல்சுற்று தளர்ந்திருக்கும். என் மூன்றாம் தந்தியில் ரிஷபம் விழும் இடத்தில் நகத்தால் தடவினேன். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே இடைவெளி தட்டுப்பட்டது. ஸ்வரத்தை அசைத்து இழுக்கும் கமகம் பிடிக்கும்போது விரல் அங்கே ஒரு கணம் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அதுதான். இத்தனை நாளும் விரலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான்கு தந்தி வயலினாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஒரு செட் வாங்கி மாட்டிவிட்டுப் போய்விடலாம். ஐந்து தந்தி என்றால்தான் கடைக்காரரே விழிக்கிறார்.

நான் தருமபுரியில் இருப்பவன். பகலில் அலுவலகம், மாலையில் சில பிள்ளைகளுக்குப் பாடம், திருவிழா நாட்களில் கோயில் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம். பெரும்பாலும் இரண்டு பேருக்கு வாசிக்கிறேன். கட்டை என்பது பாடகர் தம் ஷட்ஜத்தை, அதாவது ‘ச’வை, வைத்துக்கொள்ளும் சுருதி; ஆர்மோனியக் கட்டையின் எண்ணால் சொல்வது. ஒருவர் ஒரு கட்டையில் பாடும் பெரியவர். இன்னொருவர் ஐந்து கட்டையில் பாடும் கல்லூரி மாணவி. ஆண் குரலுக்கு ஒன்று, பெண் குரலுக்கு ஒன்று என இரண்டு வயலின் வைத்திருப்பவர்கள் உண்டு. பென்னாகரம் பஸ்ஸில் இரண்டு பெட்டிகளோடு ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அந்தத் தொல்லைக்காகவே ஐந்து தந்திக்கு மாறினேன்.

ஐந்து தந்தி வயலின் என்பது சாதாரண வயலினின் நான்கு தந்திகளோடு, வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியமான வியோலாவின் அடித்தந்தியான சி சேர்ந்தது. மேற்கத்திய முறையில் கீழிருந்து சி, ஜி, டி, ஏ, இ. எண்ணுவது மட்டும் மேலிருந்து: இ முதல் தந்தி, சி ஐந்தாம் தந்தி. சி தந்தியின் அதிர்வெண் 130.8 ஹெர்ட்ஸ், இ தந்திக்கு 659.3. நம் கணக்கில் சி ஒரு கட்டை, ஜி ஐந்து கட்டை. இந்த இரண்டு வரியிலேயே விஷயம் ஒளிந்திருக்கிறது.

நான்கு தந்தி வயலினை ஒரு கட்டைக்குத் தளர்த்துவதாக வைத்துக்கொள்வோம். நான்காம் தந்தியை ஜியிலிருந்து சிக்கு இறக்க வேண்டும், ஏழு ஸ்வரஸ்தானம் (கறுப்பும் வெள்ளையும் சேர்த்து, ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்கு ஒரு ஸ்வரஸ்தானம்). தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஒரு ஸ்வரஸ்தானம் ஏற்றினால் இழுவிசை சுமார் 12 விழுக்காடு ஏறும். ஏழு இறக்கினால் பாதிக்கும் கீழே போய்விடும். இரண்டாம் தந்தியை ஏயிலிருந்து சிக்கு இறக்கினால் மிஞ்சுவது சுமார் 35 விழுக்காடுதான். துணி காயப்போடும் கொடி மாதிரி ஆகிவிடும். கனமான கம்பி போட்டுச் சமாளிக்கலாம், சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது சமாளிப்புதான்.

ஐந்து தந்தியில் நடப்பது வேறு. சி தந்தி அப்படியே ஷட்ஜம். ஜி தந்தி அப்படியே பஞ்சமம். டியை ஒரு முழுக் கட்டை, அதாவது இரண்டு ஸ்வரஸ்தானம், இறக்கினால் அடுத்த ஷட்ஜம், ஏயையும் அதே அளவு இறக்கினால் பஞ்சமம், இ தந்தியை நான்கு ஸ்வரஸ்தானம் இறக்கினால் தார ஷட்ஜம். ச ப ச ப ச. கொடி ஆகும் தந்தி ஒன்றுகூட இல்லை. இப்போது பெரியவர் பாடி முடித்து மாணவி வந்து உட்காருகிறார். ஐந்து கட்டை வேண்டும். இரண்டு ஜி தந்திகளையும் தொடவே வேண்டாம், அவை ஷட்ஜமாகிவிடும். மற்ற மூன்றும் சியில் நிற்கின்றன. மூன்றையும் டிக்கு ஏற்றினால் ப ச ப ச ப. நடுவே ஒரு விநாயகர் துதி பாடும் நேரத்தில் முடிந்துவிடும் வேலை. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு முன்னால் எத்தனையோ பேருக்குத் தெரிந்திருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

அதனால் கம்பி வாங்கப் போகும் எவரிடமும் நான் முதலில் கேட்பது எந்த நிறுவனம் என்று அல்ல, எந்தக் கட்டை என்று. ஐந்து தந்தி வயலினில் கம்பியை அடியிலிருந்து மேலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்தாம் தந்தி எந்தச் சுருதியில் நிற்கப்போகிறது என்று முடிவானால் மீதி நான்கும் தாமாக வந்து சேரும்.

ஒன்றிலும் ஐந்திலும் வாசிப்பவருக்கு நடுத்தர கன செட் போதும். சியை டிக்கு ஏற்றும்போது இழுவிசை 26 விழுக்காடு கூடும். நல்ல கம்பி அதைத் தாங்கும். எப்போதும் ஐந்தரைக் கட்டையிலேயே வாசிப்பவர் என்றால் ஐந்தாம் தந்தியை மூன்று ஸ்வரஸ்தானம் ஏற்ற வேண்டும். 41 விழுக்காடு கூடும். அங்கே நடுத்தரக் கனத்தை இழுப்பது வயலினுக்குச் செய்யும் பாவம். மெல்லிய கனத்தில் சி தந்தி வாங்க வேண்டும், அல்லது ஐந்தாம் தந்தியைப் பஞ்சமத்துக்கு ஏற்றாமல் மத்திமத்தில் நிறுத்திவிட வேண்டும். ஆறு கட்டைக்கு மத்திமமே கதி. இரண்டரைக் கட்டையில் தனி வாசிப்பவருக்கு எல்லாம் தலைகீழ்: ஐந்து தந்திகளும் தளரும், மேல் இரண்டும் சரிபாதி இழுவிசைக்கு இறங்கும். அவர் கனமான செட் பக்கம் போக வேண்டும். (மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது, மூன்றுக்கு அடுத்தது நான்குதான். ஆர்மோனியத்தில் அந்த இடத்தில் கறுப்புக் கட்டை இல்லை. பிள்ளைகள் வருஷா வருஷம் கேட்கும் கேள்வி என்பதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.)

வியோலா கம்பியில் நான் ஏமாந்த கதையையும் சொல்ல வேண்டும்.

முதல் முறை சி தந்தி அறுந்தபோது பெங்களூருக்கு பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் என்று போய் இறங்குவதற்குள் அரை நாள் கழிந்தது. பெங்களூர் என்பது ஏழு தந்தி வயலின் வாசித்த மைசூர் சௌடையாவின் பெயரில், வயலின் வடிவத்திலேயே மண்டபம் கட்டி வைத்திருக்கும் ஊர். ஐந்தாவது தந்தி அங்கே கிடைக்காமலா போகும் என்று நினைத்தேன். ஒரு கடையில் இருந்தவர், "சி தந்திதானே சார், வியோலாவுக்கு வருவதும் சிதான். நீளம் மிச்சம் இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள்" என்று எடுத்துக் கொடுத்தார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் தெரிந்தது. வயலினில் அதிரும் தந்தியின் நீளம் ஏறக்குறைய 32.5 சென்டிமீட்டர். வியோலாவில் 37 அல்லது அதற்கு மேல். அந்த நீளத்தில் சி ஒலிப்பதற்கென்று கனம் போட்டுச் செய்த கம்பியைக் குட்டையான வயலினில் அதே சிக்குக் கூட்டினால், இழுவிசை நான்கில் மூன்று பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. வில்லை மெதுவாகப் போட்டால் முனகல். அழுத்திப் போட்டால் தந்தி அகலமாக ஆடி விரல்பலகையில் மோதி இரைகிறது. கம்பி தடிமனாக இருந்ததால், தந்தியை முறுக்கும் பிருடைகளின் பக்கத்துச் சிறு மேட்டின் பள்ளத்தில் இறங்காமல் மேலே உட்கார்ந்துகொண்டது. பிருடைப் பெட்டியோ ஏற்கெனவே ஐந்து பிருடைகள் நெருக்கியடிக்கும் இடம். நீண்ட கம்பியின் மிச்சச் சுற்றுகள் பக்கத்துத் தந்தியை உரசி, அதையும் சுருதியில் நிற்கவிடவில்லை. வெட்டிக்கொள்ளலாம் என்றாரே, சுற்றுக் கம்பியை வெட்டினால் வெட்டிய முனையிலிருந்து மேல்சுற்று அவிழத் தொடங்கும் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று கற்றது: உறையில் வயலின் என்றும், முழு அளவு என்றும், சி என்றும் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். இரண்டு இருந்து ஒன்று இல்லை என்றால் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

குட்டையான நீளத்தில் ஆழமான சுருதி வேண்டும் என்றால் கம்பிக்கு எடை வேண்டும். எடைக்காகத் தடிமனைக் கூட்டினால் வில்லுக்குப் பிடி கொடுக்காத கயிறு ஆகிவிடும். இதற்குத் தயாரிப்பாளர்கள் கண்ட வழி டங்ஸ்டன். அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் 19.3 மடங்கு, வெள்ளிக்கு 10.5, அலுமினியத்துக்கு 2.7. டங்ஸ்டன் சுற்றிய தந்தி, மெலிந்த உடம்போடு வேண்டிய எடையைத் தாங்கி நிற்கிறது. ஐந்தாம் தந்தி மட்டும் மற்ற தந்திகளைவிடக் கூடுதல் விலை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சேமிக்க நினைப்பவர் வேறு தந்தியில் சேமிக்கட்டும்.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். எஃகு நடுக்கம்பியா, செயற்கை இழையா?

செயற்கை இழைத் தந்திகளில் நம் ஊர் வயலின்காரர்கள் நன்றாக அறிந்த பெயர் டாமினன்ட். வியன்னாவின் தாமஸ்டிக் நிறுவனம் 1970இல் கொண்டுவந்தது. ஆட்டுக்குடல் தந்தியின் இனிமையைத் தட்பவெப்பத்துக்கு அஞ்சாத நைலான் இழையில் கொண்டுவந்த புரட்சி அது. ஜெர்மனியின் பிராஸ்ட்ரோ செய்யும் டோனிகாவும் இதே குலம்தான். என் பழைய நான்கு தந்தி வயலினில் இன்றும் டாமினன்ட்தான் இருக்கிறது. காம்போதி ராகத்தில் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் ஒரு நீண்ட ஜாரு இழுத்தால் அந்த ஒலி தரும் கனிவை எஃகு தராது. இதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் அந்தக் கனிவுக்கு ஒரு வாடகை கட்ட வேண்டும். புதிதாக மாட்டிய செயற்கை இழை நிலைகொள்ள நான்கைந்து நாள் ஆகும். அதுவாவது ஒருமுறை. சியிலிருந்து டிக்கு ஏற்றிய பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவும். டியிலிருந்து சிக்கு இறக்கினால் மேலே ஏறும். பழைய வீட்டை மறக்காத மாடு மாதிரி, விட்ட இடத்துக்கே திரும்பப் பார்க்கும். ஒரே மேடையில் இரண்டு கட்டைக்கு வாசிப்பவனுக்கு இது ஆகாது. போன வருடம் டோனிகா போட்டு இப்படித்தான் சுருதி மாற்றினேன். வர்ணத்தின் சரணம் வருவதற்குள் மூன்றாம் தந்தி இறங்கிவிட்டது. மாணவி பாடிக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. குற்றம் தந்தியுடையது அல்ல. அதற்கு ஒவ்வாத வேலையை அதனிடம் கொடுத்தேன்.

எஃகு வகையிலும் இரண்டு உண்டு. முழு எஃகுக் கம்பியை நடுவில் வைத்துச் சுற்றியது ஒன்று. மலிவான பயிற்சித் தந்திகள் பெரும்பாலும் இவைதாம். மெல்லிய எஃகு இழைகள் பலவற்றை முறுக்கி நடுக்கம்பியாக வைத்துச் சுற்றியது மற்றொன்று. வடம் போல் வளைந்துகொடுப்பதால் கூர்மை மட்டுப்பட்டு, ஒலியில் கொஞ்சம் சதைப்பிடிப்பு வரும். அமெரிக்காவின் டடாரியோ செய்யும் ஹெலிகோர் இந்த இரண்டாம் வகை. அதில் ஐந்து தந்தி வயலினுக்கென்றே முழு செட் கிடைக்கிறது. சி தந்தி தனியாகவும் வருகிறது.

ஹெலிகோரிடம் எனக்குப் பிடித்தது அதன் பிடிவாதம். ஏற்றிய இடத்தில் நிற்கிறது. அடியில் உள்ள, சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் ஃபைன் டியூனர் திருகுக்கும் உடனே பதில் சொல்கிறது. எஃகு அதிகம் நீளாது என்பதால் சிறு திருகலிலேயே சுருதி நகரும். நைலான் இழையில் அதே திருகைத் திருகினால் பாதி அசைவை இழையே விழுங்கிவிடும். ஐந்து தந்திகளையும் ஒரே நிறுவனம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்திருப்பதால், நான்காம் தந்தியிலிருந்து ஐந்தாம் தந்திக்கு வில் இறங்கும்போது வேறு வாத்தியம் கேட்பது போன்ற திடுக்கிடல் இல்லை.

பிடிக்காதது இரண்டாம் தந்தி. கோயில் மைக் முன்னால் அது சற்றுக் கீச்சிடும். அந்த ஒன்றை மட்டும் டாமினன்ட் ஆக்கினால் என்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒன்றிலும் ஐந்திலும் வாசிப்பவனுக்கு இரண்டாம் தந்தி ஜியிலேயே நிற்பதால், நழுவும் தொல்லை அங்கே இல்லை, யோசனை நல்லதுதான். நானும் செய்து பார்த்தேன். ஒலி இளகியது. ஆனால் அந்தத் தந்தியின் மேல்சுற்று அலுமினியம். எனக்கு உப்பு வியர்வை. சித்திரை வெயிலில் தருமபுரியில், மின்விசிறி இல்லாத மண்டபத்தில் இரண்டு மணி நேரம் வாசித்தால் விரல்நுனியில் சாம்பல் நிற மை ஒட்டும். நான்கு மாதத்தில் சுற்று பிரிந்து விரலைக் கீறியது. உலர்ந்த கை உடையவருக்கு இந்தக் கலப்பு செட்டைத் தயங்காமல் சொல்வேன்.

ஆக, ஒரே கட்டையில் நின்று, மைக் இல்லாமல் சிறு சபையில் வாசிப்பவர் என்றால் நான்கு செயற்கை இழைத் தந்திகளும் வயலினுக்கென்று செய்த தனி சி தந்தியும் வாங்கலாம். செலவு கூடும், சி மட்டும் எஃகாக அமைந்தால் குரல் கொஞ்சம் வேறுபடவும் செய்யும். காது பழகிக்கொள்ளும். மேடைக்கு மேடை கட்டை மாற்றுபவர் எஃகு முழு செட்டுக்கே போகட்டும். நான் அதைத்தான் வாங்கினேன்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பெயரில்லாத ஐந்து தந்தி செட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மேல் நான்கு தந்திகளில் பாடம் நடத்தலாம். ஐந்தாவது, பெயருக்கு இருக்கும். புகழ்பெற்ற தந்தி பாதி விலைக்கு என்று இணையத்தில் கண்டால், போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கம்பி போட்டாலும் சாதாரண மர வயலினில் ஐந்தாம் தந்தி மேல் தந்திகள் அளவுக்கு முழங்காது. வயலின் பெட்டிக்குள் இருக்கும் காற்று இயல்பாக ஒத்ததிர்வது 270, 280 ஹெர்ட்ஸ் வாக்கில். 130 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அந்தப் பெட்டி உதவிக்கு வராது. நாம் கேட்பது பெரும்பாலும் அதன் மடங்குகளாகச் சேர்ந்து எழும் மேல் ஒலிகளைத்தான். அடி ஒலியைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரையில் ஒட்டி அதிர்வை மின்னலையாக்கும் பிக்அப்பும் ஒலிபெருக்கியும் இருந்தால் இந்தக் குறை பெரிதும் மறையும். அவை இல்லாமல், மூன்றாயிரம் ரூபாய் தந்தி போட்டும் சி முழங்கவில்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

முதல் தந்தியைத் தனியாக வாங்குவது என் வழக்கம். ஒரு கட்டையில் அது நான்கு ஸ்வரஸ்தானம் இறங்கி நிற்கிறது. இழுவிசை 63 விழுக்காடுதான். செட்டோடு வரும் மெல்லிய எஃகு அங்கே இளித்துவிடும். கோல்ட்புரோகாட் என்ற ஜெர்மானிய முதல் தந்தி 0.26, 0.27, 0.28 மில்லிமீட்டர் என்று தடிமன்களில் கிடைக்கிறது; விலையும் குறைவு. 0.26க்குப் பதில் 0.28 போட்டால் எடை 16 விழுக்காடு கூடி, இழந்ததில் ஒரு பகுதி திரும்ப வரும். வாங்குமுன் உங்கள் ஃபைன் டியூனரின் கொக்கியைப் பாருங்கள். ஒற்றைக் கொக்கி என்றால் வளைய முனை. பிளவுபட்ட கொக்கி என்றால் குண்டு முனை. இதைப் பார்க்காமல் வாங்கிய ஒரு தந்தி என்னிடம் மூன்று வருடமாகச் சும்மா கிடக்கிறது.

கூரியர் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, என் மாணவன் ஒருவனை உதவிக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றித் துடைத்துவிடலாமா சார்?" என்றான். கூடாது. நான்கு தந்திகள் மட்டுமே சேர்ந்து ஏறக்குறைய 22 கிலோ இழுவிசை. ஐந்தாவது அதற்கும் மேல். அந்த அழுத்தத்தில்தான் குதிரையும் உள்ளே இருக்கும் சிறு தூணும் நிற்கின்றன. மொத்தமாகத் தளர்த்தினால் தூண் சாய்ந்துவிடும். அதை நிமிர்த்தக் கைதேர்ந்தவரைத் தேடி மறுபடி பெங்களூர் பஸ். ஒன்றைக் கழற்றி, ஒன்றை மாட்டி, பிறகுதான் அடுத்தது.

ஒவ்வொரு பள்ளத்திலும் கூரான பென்சிலால் நான்கு தீற்று தீற்றினேன். அந்தக் கரித்தூளில் கம்பி வழுக்கிச் செல்லும். இல்லாவிட்டால் சுருதி ஏற்றும்போதெல்லாம் குதிரையின் தலையைப் பிருடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஐந்தாம் தந்தியை ஏற்றுகையில் குதிரை ஒரு நெல் அகலம் முன்னால் சாய்ந்துதான் இருந்தது. இரண்டு கட்டைவிரல்களாலும் பின்பக்கம் அணைத்து, ஆள்காட்டி விரல்களால் மெல்ல இழுத்து நிமிர்த்தினேன். பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்து, ஐந்தாம் தந்தியில் ஒரு நீண்ட ஷட்ஜம் இழுத்தேன். முனகல் இல்லை. டிக்கு ஏற்றினேன், நின்றது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன். ஒரு நூல் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

கழற்றிய பழைய சி தந்தியைப் பையன் குப்பையில் போடப் போனான். வாங்கி, வளையமாகச் சுருட்டி, புதியது வந்த உறையிலேயே போட்டுப் பெட்டியின் மூலையில் வைத்தேன். தைப்பூசத்து இரவில் ஐந்தாம் தந்தி அறுந்தால் தருமபுரியில் எந்தக் கதவைத் தட்டினாலும் இன்னொன்று கிடைக்காது.